சர்க்கரைக்கு எண்ணெய்: சோவியத்–கியூபா கொடுக்கல் வாங்கல், 1960–1991

1960 பிப்ரவரியில் சோவியத் துணைப் பிரதமர் அனஸ்தாஸ் மிகோயான் ஹவானாவில் வந்து இறங்கியபோது, அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவுகூடக் கிடையாது. 1952இல் ராணுவத் தளபதி பாட்டிஸ்டா ஆட்சியைப் பிடித்ததோடு முறிந்துபோன உறவு அது. அந்த பாட்டிஸ்டாவை 1959 தொடக்கத்தில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி விரட்டியிருந்தது. மிகோயான் வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், சோவியத் பொருட்காட்சி ஒன்றைத் திறந்து வைப்பது. கையெழுத்தானதோ முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் பிழைப்பையே தீர்மானித்த வியாபாரம்.

பிப்ரவரி 13இல் போட்ட அந்த ஒப்பந்தத்தின் சாரம் இது: சோவியத் யூனியன் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டன் சர்க்கரை வாங்கும். விலையில் ஐந்தில் ஒரு பங்கை டாலரில் கொடுக்கும், மீதியைப் பொருளாகத் தரும். பொருள் என்றால் கச்சா எண்ணெய், கோதுமை, உரம், இயந்திரம். கூடவே 10 கோடி டாலர் கடன், வட்டி இரண்டரை சதவீதம்.

இதில் தாராளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மாஸ்கோ கொடுக்க ஒப்புக்கொண்டது அன்றைய உலகச் சந்தை விலைதான். அமெரிக்கா தன் இறக்குமதிக் கோட்டாவின் கீழ் கியூபச் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த விலை அதைவிட நன்றாகவே கூடுதல். விலையை மட்டும் பார்த்தால் கியூபாவுக்கு இது நஷ்ட வியாபாரம். ஆனால் 1960இல் ஹவானாவில் இருந்தவர்கள் விலையை மட்டும் பார்க்கவில்லை. வாஷிங்டன் கோட்டாவை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெட்டினால் சர்க்கரையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அந்தக் கேள்விக்குத்தான் மிகோயான் பதில் வைத்திருந்தார்.

அடுத்தடுத்து நடந்தவை மளமளவென்று நடந்தன. மே 8இல் தூதரக உறவு மீண்டது. சோவியத் கச்சா எண்ணெய் வந்து சேர்ந்தது. தீவில் இருந்த சுத்திகரிப்பு ஆலைகள் டெக்சாகோ, எஸ்ஸோ, ஷெல் ஆகிய மூன்று நிறுவனங்களுடையவை. மூன்றும் அந்த எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன. ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் தேதியிலுமாக கியூப அரசு ஆலைகளைக் கையகப்படுத்தியது. ஜூலை 6இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர், அந்த ஆண்டுக் கோட்டாவில் பாக்கி இருந்த 7 லட்சம் டன்னை ரத்து செய்தார். அந்த 7 லட்சம் டன்னைத் தாங்களே வாங்கிக்கொள்வதாக மாஸ்கோ சில நாட்களில் அறிவித்தது. ஆகஸ்டில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளும் மின், தொலைபேசி நிறுவனங்களும் நாட்டுடைமை ஆயின. அக்டோபரில் அமெரிக்கா ஏற்றுமதித் தடை விதித்தது. 1961 ஜனவரியில் தூதரக உறவை முறித்தது.

காஸ்ட்ரோ சோஷலிசம் என்ற சொல்லைப் பகிரங்கமாகச் சொன்னது 1961 ஏப்ரலில், அமெரிக்க ஆதரவோடு நடந்த பன்றிகள் வளைகுடா படையெடுப்புக்கு முந்தின நாள். அதற்குள் வியாபாரம் ஓர் ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கொள்கை முன்னே போக வணிகம் பின்னே போனது என்று இரண்டு தரப்பும் பிற்பாடு எழுதிக்கொண்டதுண்டு. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வரிசை வேறு மாதிரி இருக்கிறது.

கரும்பை அழித்தார்கள், திரும்ப நட்டார்கள்

புரட்சிக்கு முந்தைய கியூபாவைப் பற்றிப் புரட்சிக்காரர்களின் முதல் குற்றச்சாட்டே கரும்புதான். ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, ஏற்றுமதியில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாட்டுக்கு, அதாவது அமெரிக்காவுக்கு. ஒரே பயிர், ஒரே வாடிக்கையாளர். அறுவடை நான்கைந்து மாதம், மீதிக் காலம் முழுக்க வேலையில்லாத "செத்த காலம்". இதை உடைப்பதுதான் புரட்சியின் பொருளாதார வாக்குறுதி.

உடைக்கவும் பார்த்தார்கள். சே குவேரா தொழில்துறை அமைச்சராக இருந்த அந்த முதல் ஆண்டுகளில் கரும்புத் தோட்டங்களை அழித்து வேறு பயிர் வைத்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தொழிற்சாலைகளை வரவழைத்தார்கள். விளைவு மோசம். 1961இல் 68 லட்சம் டன்னாக இருந்த சர்க்கரை உற்பத்தி 1963இல் 38 லட்சம் டன்னாக விழுந்தது. வந்த தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். அது வருவது சர்க்கரையிலிருந்து. சர்க்கரைதான் பாதியாகிவிட்டதே.

இடையில் 1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடி வந்து போனது. அது தனிக் கதை. நம் விஷயத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் முடிவை சோவியத் தலைவர் குருஷேவ் காஸ்ட்ரோவிடம் கேட்காமலே எடுத்தார். ஹவானாவைச் சமாதானப்படுத்த மறுபடியும் மிகோயானைத்தான் அனுப்பினார்கள். அவர் அங்கே இருந்தபோது மாஸ்கோவில் அவருடைய மனைவி இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குக்கூடப் போகாமல் அவர் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருந்தார்.

மனக்கசப்பு வார்த்தைகளால் தீரவில்லை. விலையால் தீர்ந்தது என்று சொல்லலாம். 1963இல் காஸ்ட்ரோ ஒரு மாதத்துக்கும் மேல் சோவியத் யூனியனைச் சுற்றிப் பார்த்தார். 1964 ஜனவரியில் மீண்டும் போனபோது நீண்டகாலச் சர்க்கரை ஒப்பந்தம் கையெழுத்தானது: 1965 முதல் 1970 வரை மொத்தம் சுமார் 2.4 கோடி டன். 1965இல் 21 லட்சம் டன்னில் தொடங்கி, 1968 முதல் ஆண்டுக்கு 50 லட்சம் டன். விலை பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, 6.11 சென்ட். உலக விலை ஏறினாலும் இறங்கினாலும் இதே விலை.

கையெழுத்துப் போட்ட நேரத்தில் உலக விலை இதைவிட அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டே அது இரண்டு சென்ட் அளவுக்குச் சரிந்து, வெகுகாலம் அங்கேயே கிடந்தது. அப்போதுதான் 6.11இன் அருமை தெரிந்தது.

என் பார்வையில் இந்த முப்பது ஆண்டு உறவின் திருப்பம் இந்த ஒப்பந்தம்தான், ஏவுகணை நெருக்கடி அல்ல. கரும்பிலிருந்து விடுபடக் கிளம்பிய அரசு, நிலையான விலையும் உறுதியான வாடிக்கையாளரும் கிடைத்ததும் கரும்புக்கே திரும்பியது. நம்மூரில் ஆலைக்குக் கரும்பைப் பதிவு செய்துவிட்ட விவசாயியின் நிலையை நினைத்துக்கொள்ளலாம். விலை உறுதி, எடுக்க ஆள் உறுதி, ஆனால் நிலத்தில் வேறு பயிர் வைக்கும் யோசனை அதோடு போச்சு. மாஸ்கோ கட்டாயப்படுத்தியது என்று இதற்கு அர்த்தமில்லை. கியூபத் தலைமையே கணக்குப் போட்டுப் பார்த்து விரும்பி எடுத்த முடிவு அது. அன்றைய நிலையில் அது சரியான கணக்கும்கூட.

சேவுக்கு இது ஒப்பவில்லை. 1965 பிப்ரவரியில் அல்ஜியர்ஸில் பேசும்போது, பின்தங்கிய நாடுகளோடு உலகச் சந்தை விலையில் வியாபாரம் செய்யும் சோஷலிச நாடுகள் ஏகாதிபத்தியச் சுரண்டலுக்கு ஒருவகையில் உடந்தை ஆகின்றன என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அதன் பிறகு அவர் கியூப அரசின் சார்பில் பொதுமேடையில் பேசவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் கேட்டதை, அதாவது உலக விலையை ஓரம்கட்டி வறிய நாட்டுக்கு அதிக விலை கொடுப்பதை, பத்து ஆண்டுகளில் மாஸ்கோ செய்தே விட்டது. ஒரு நாட்டுக்கு மட்டும்.

1968: பெட்ரோல் ரேஷன்

இந்த உறவில் பெரிய நாடு சின்ன நாட்டை நெருக்கியதா என்று கேட்பவர்கள் 1967–68ஐப் பார்க்க வேண்டும்.

லத்தீன் அமெரிக்கா முழுவதும் ஆயுதப் போராட்டத்தை ஆதரிப்பது அப்போது கியூபாவின் வழி. அங்குள்ள அரசுகளோடு வியாபாரம் வளர்ப்பதும், தேர்தல் வழியில் போகும் கம்யூனிஸ்ட் கட்சிகளை ஆதரிப்பதும் மாஸ்கோவின் வழி. 1967 ஜூனில் சோவியத் பிரதமர் கோசிகின் ஹவானாவுக்கு வந்து பேசினார். பேச்சு பலிக்கவில்லை. அக்டோபரில் சே பொலிவியாவில் கொல்லப்பட்டார். நவம்பரில் ரஷ்யப் புரட்சியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு உலகக் கம்யூனிஸ்ட் தலைவர்கள் எல்லாம் மாஸ்கோவில் கூடினார்கள். கியூபா தன் சுகாதார அமைச்சரை அனுப்பியது. அவமதிப்பு என்றால் இதைவிட மரியாதையாக அவமதிக்க முடியாது.

1968 ஜனவரி 2இல் காஸ்ட்ரோ மேடையேறி, பெட்ரோலுக்கு ரேஷன் என்று அறிவித்தார். தீவின் எண்ணெய் ஏறத்தாழ முழுக்கவே சோவியத்திலிருந்து வந்தது. கியூபாவின் தேவை வளர்ந்த வேகத்துக்கு மாஸ்கோ வரத்தைக் கூட்டித் தரவில்லை. வெட்டவில்லை, கூட்டவில்லை, அவ்வளவுதான். அதே மாதக் கடைசியில் கியூபாவும் தன் பங்குக்குப் பதில் சொன்னது. பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான அனிபால் எஸ்கலாண்டேயும் அவருடைய சகாக்களும், சோவியத் அதிகாரிகளோடு சேர்ந்து தலைமைக்கு எதிராகப் பேசினார்கள் என்று விசாரிக்கப்பட்டார்கள். எஸ்கலாண்டேவுக்கு 15 ஆண்டு சிறை.

ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து, ஆகஸ்ட் 20 இரவில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. 23ஆம் தேதி காஸ்ட்ரோ தொலைக்காட்சியில் பேசினார். செக் நாட்டின் இறையாண்மை மீறப்பட்டது, சட்டப்படி இதற்கு எந்த நியாயமும் இல்லை என்று தொடங்கினார். ஆனாலும் சோஷலிச முகாமிலிருந்து ஒரு நாடு நழுவிப் போக விட முடியாது, ஆகவே இது கசப்பான தேவை என்று முடித்தார். அப்படியே ஒரு கேள்வியையும் வைத்தார்: கியூபாவை அமெரிக்கா தாக்கினால் இதே படைகள் எங்களுக்காகவும் வருமா?

இந்தப் பேச்சை எண்ணெய்க்காக விற்றுவிட்டார் என்று சிலரும், தூய கொள்கை என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே பேச்சை முழுதாகப் படிக்காத வாதங்கள். படையெடுப்பை ஆதரித்த அதே வாயால், சோவியத் முகாமின் சலுகைகளையும் சோம்பலையும் அவர் நன்றாகவே குத்திக்காட்டினார். ஆனால் நடைமுறையில் நடந்தது தெளிவு. அதன் பிறகு உறவு சீரானது, எண்ணெயும் கடனும் தடையில்லாமல் வந்தன. லத்தீன் அமெரிக்க கெரில்லாக்களுக்கான ஆதரவும் மெல்ல மெல்லக் குறைந்தது. இப்படிப் பகிரங்கமாகத் தெரிந்த நெருக்குதல் 1968இல் மட்டும்தான். மறுபடி நெருக்கத் தேவை ஏற்படவில்லை என்பதே அது எவ்வளவு வேலை செய்தது என்பதற்குச் சான்று.

ஒரு கோடி டன்

சோவியத் ஒப்பந்தப்படி அனுப்ப வேண்டிய சர்க்கரையைக் கியூபா ஒழுங்காக அனுப்பவில்லை. ஆண்டுக்கு ஆண்டு பாக்கி விழுந்தது. இதை ஒரே அடியில் ஈடுகட்ட 1970 அறுவடையில் ஒரு கோடி டன் என்று காஸ்ட்ரோ இலக்கு வைத்தார். நாடே கரும்பு வெட்டப் போனது. அலுவலக ஊழியர், மாணவர், ராணுவம் எல்லோரும் போனார்கள். அறுவடை தடைபடக்கூடாது என்று 1969இல் கிறிஸ்துமஸ் விடுமுறையே எடுக்கப்பட்டது. அது திரும்ப வந்தது 1997இல்தான். சோவியத் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் கிரெச்கோகூட வருகையின்போது வெட்டுக்கத்தியோடு வயலில் இறங்கினார்.

கிடைத்தது 85 லட்சம் டன். கியூப வரலாற்றில் அதுவே சாதனை. ஆனால் அதற்காக மற்ற எல்லாத் துறையும் முடங்கிப்போனது. ஜூலை 26 பேச்சில் காஸ்ட்ரோ தோல்வியை ஒப்புக்கொண்டு, வேண்டுமானால் பதவி விலகுகிறேன் என்றார். கூட்டம் வேண்டாம் என்றது.

1972 ஜூலையில் கியூபா கோமெகானில், அதாவது சோவியத் முகாமின் பொருளாதாரக் கூட்டமைப்பில், சேர்ந்தது. டிசம்பரில் ஒரு தொகுப்பாகப் பல ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அதுவரை சேர்ந்த கடனைக் கட்டுவது 1986 வரை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு 25 ஆண்டுத் தவணையில், வட்டியில்லாமல். சர்க்கரை விலை 11 சென்ட். 1974இல் உலக விலை எகிறி, நவம்பரில் 60 சென்ட்டைத் தாண்டியது. சோவியத் விலையும் சுமார் 30 சென்ட்டுக்கு உயர்ந்தது. அதைவிட முக்கியமானது அடுத்து வந்த ஏற்பாடு: கியூபா இறக்குமதி செய்யும் எண்ணெய் முதலான பொருட்களின் விலை ஏறினால் சர்க்கரை விலையும் சேர்ந்து ஏறும். எண்ணெய் விலை உலகையே ஆட்டிவைத்த 1970களில், எண்ணெய் இல்லாத ஒரு ஏழை நாட்டுக்கு இப்படி ஒரு காப்பு வேறு எங்கும் கிடைக்கவில்லை.

மானியம் எவ்வளவு?

இதில்தான் சண்டையே. 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை நான்கு சென்ட்டுக்கு விற்றது, அதற்குக் கீழேயும் போனது. அப்போது சோவியத் விலை, அதிகாரபூர்வ ரூபிள் மாற்று விகிதத்தில் கணக்கிட்டால், அதன் பல மடங்கு. இந்த வித்தியாசத்தை டன் கணக்கால் பெருக்கி, ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் மானியம் என்று அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்டது. அந்த எண்ணை இன்றும் எல்லோரும் எடுத்து ஆள்கிறார்கள்.

அந்தப் பெருக்கலில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, ரூபிள். அதிகாரபூர்வ விகிதம் ரூபிளின் உண்மை மதிப்பைவிட மிக உயர்வு. அந்த ரூபிளை வைத்துக்கொண்டு கியூபா ஜப்பானிலோ ஜெர்மனியிலோ எதுவும் வாங்க முடியாது. சோவியத் சரக்கைத்தான் வாங்க வேண்டும். அதன் தரம் எப்படி என்று ஹவானாவில் மாஸ்க்விச் கார் ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். நம் நாட்டின் ரூபாய்–ரூபிள் வர்த்தகத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

இரண்டாவது, "உலகச் சந்தை விலை" என்பது. சர்க்கரையில் அப்படி ஒரு விலையில் நடந்த வியாபாரம் மொத்தத்தில் ஒரு பகுதிதான். அமெரிக்கா கோட்டா வைத்து வேறு விலை கொடுத்தது. ஐரோப்பியச் சமூகம் தன் முன்னாள் காலனிகளுக்கு வேறு விலை கொடுத்தது. இந்த ஏற்பாடுகளில் அடங்காத மிச்சச் சரக்கு வந்து கொட்டும் இடம்தான் உலகச் சந்தை. அங்கே நான்கு சென்ட்டுக்கு விற்றவர்களில் பலர் உற்பத்திச் செலவுக்கும் கீழே விற்றவர்கள். சோவியத் யூனியனே சர்க்கரைக் கிழங்கிலிருந்து பெரும் செலவில் சர்க்கரை எடுத்த நாடு. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் கியூபச் சர்க்கரை அப்படியொன்றும் தர்மக் கணக்கில் வாங்கிய சரக்காகத் தெரியாது.

மானியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் வர்த்தகத்தில் விழுந்த துண்டைக் கடனாக எழுதிக்கொண்டே போனது, ஆயுதங்களைப் பெரும்பாலும் இலவசமாகவே கொடுத்தது எல்லாம் உண்மையான உதவிதான். உதவி பெரிது. பெருக்கிக் காட்டிய அளவுக்குப் பெரிதல்ல.

எண்ணெய்க் கணக்கு இன்னும் சுவாரசியம். 1980களில் ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டன் சோவியத் எண்ணெய் கியூபாவுக்கு என்று ஒதுக்கப்பட்டது. சிக்கனம் பிடித்து மிச்சப்படுத்தியதைக் கியூபா டாலருக்கு வெளியில் விற்றுக்கொள்ள மாஸ்கோ அனுமதித்தது. 1980களின் நடுவில் கியூபாவின் டாலர் வருமானத்தில் சர்க்கரையைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது இந்த மறுவிற்பனை எண்ணெய். தன் மண்ணில் பேருக்குத்தான் எண்ணெய் எடுத்த நாடு, எண்ணெய் ஏற்றுமதியில் பிழைத்தது! ஆனால் இந்தக் கூத்துக்குள்ளேயே அடுத்த ஆபத்தும் இருந்தது. 1986இல் உலக எண்ணெய் விலை பாதிக்கு மேல் சரிந்தபோது அந்த டாலர் வருமானமும் கூடவே விழுந்தது. மேற்கத்திய நாடுகளுக்குக் கட்ட வேண்டிய கடன் தவணைகளைக் கியூபா அந்த ஆண்டு நிறுத்திவிட்டது. கோமெகானில் எண்ணெய் விலையை ஐந்தாண்டு சராசரியில் நிர்ணயிப்பதால், சந்தையில் மலிந்த எண்ணெய்க்கு முகாமுக்குள் பழைய உயர்ந்த விலை ஓடிக்கொண்டிருந்தது.

சரி, மாஸ்கோவுக்கு என்ன கிடைத்தது? சர்க்கரை, கியூபாவின் மோவா சுரங்கங்களிலிருந்து நிக்கல், கொஞ்சம் ஆரஞ்சுப் பழம். ஹவானாவுக்குத் தெற்கே லூர்தெஸில் ஒட்டுக்கேட்பு நிலையம் ஒன்று இருந்தது. அமெரிக்கக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து அவர்களுடைய தகவல் தொடர்பைக் கேட்க முடிந்தது. இதற்கெல்லாம் மேலாக, அமெரிக்காவின் வாசலில் ஒரு சோஷலிச நாடு என்ற மதிப்பு. இதற்கு ரூபிளில் விலை போட யாராலும் முடியாது. கியூபர்கள் அதை நன்றாகவே அறிந்து பேரம் பேசினார்கள்.

அங்கோலா இதற்கு நல்ல உதாரணம். 1975 நவம்பரில் அங்கோலாவின் உள்நாட்டுப் போரில் சண்டையிடக் கியூபப் படை அட்லாண்டிக்கைக் கடந்து போனது மாஸ்கோவின் ஏவலில் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். பின்னால் வெளிவந்த ஆவணங்களின்படி, ஹவானா தானாக முடிவெடுத்துவிட்டுத்தான் சொன்னது. அப்போதைய சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் முதலில் முகம் சுளித்தார். பிறகு ஆயுதமும் விமானமும் வந்தன. 1988இல் அங்கே சுமார் 50,000 கியூபப் படையினர் இருந்தார்கள். அடிமை நாடு இப்படி நடக்காது. ஆனால் ஆயுதம் முழுக்க ஒருவரிடமிருந்து வாங்கும் நாடு எவ்வளவு தூரம் தன்னிச்சையாகப் போக முடியும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1980களின் தொடக்கத்தில், அமெரிக்கா படையெடுத்தால் தங்களால் வந்து போரிட முடியாது என்று மாஸ்கோ நேரடியாகவே சொல்லிவிட்டதாக ஃபிடலின் தம்பி ராவுல் காஸ்ட்ரோ 1993இல் ஒரு மெக்ஸிகோ பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படுத்தினார். பத்தாண்டு அதை வெளியே விடாமல் காத்திருக்கிறார்கள். 1968இல் ஃபிடல் கேட்ட கேள்விக்கு வந்த விடை அது.

மக்கள் வாழ்க்கையில் இந்த உறவு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாமல் போனால் படம் முழுமை ஆகாது. ரேஷன் கடையில் ரஷ்ய டப்பா இறைச்சி, வீட்டில் ரஷ்ய வாஷிங் மெஷின், தொலைக்காட்சியில் ரஷ்ய கார்ட்டூன், தெருவில் லாடா கார். ஆயிரக்கணக்கான கியூப இளைஞர்கள் சோவியத் பல்கலைக்கழகங்களில் பொறியியலும் மருத்துவமும் படித்தார்கள். 1980இல் அர்னால்டோ தமாயோ மெண்டெஸ் சோயுஸ் விண்கலத்தில் பறந்தார். யூரி, விளாதிமிர் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த தலைமுறை அது. ஸ்டாலின், லெனின் என்று பெயர் வைத்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

கணக்கு முடிந்த விதம்

1989 ஏப்ரலில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஹவானாவுக்கு வந்தார். 25 ஆண்டு நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அது முழுதாக மூன்று ஆண்டுகூட ஓடவில்லை. அதே ஆண்டு ஜூலை 26இல் கமகுவேயில் பேசிய காஸ்ட்ரோ, சோவியத் யூனியனே சிதைந்தது என்று ஒருநாள் செய்தி வந்தாலும் கியூபா தாக்குப்பிடிக்கும் என்றார். அப்போது பெர்லின் சுவர்கூட விழவில்லை. ஆகஸ்டில், சீர்திருத்தம் பேசும் இரண்டு சோவியத் இதழ்கள் கியூபாவில் தடை செய்யப்பட்டன.

1990இல் இஸ்வெஸ்தியா நாளிதழ், எந்தெந்த நாடு சோவியத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்ற பட்டியலை முதல்முறையாக வெளியிட்டது. முதலிடத்தில் கியூபா, சுமார் 1,550 கோடி ரூபிள். மாஸ்கோவிலேயே சோப்புக்கும் சர்க்கரைக்கும் வரிசை நின்ற காலம் அது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எண் எப்படி இருந்திருக்கும்!

1991இலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் போய் ஓராண்டு ஒப்பந்தம் வந்தது, ரூபிள் கணக்குப் போய் டாலர் கணக்கு வந்தது. அந்த செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கியூபாவில் இருக்கும் சோவியத் படையைத் திரும்பப் பெறுகிறோம் என்று கோர்பச்சேவ் அறிவித்தார். ஹவானாவிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. 1962இல் நடந்ததே மறுபடியும்.

விழுந்த அளவைப் பார்க்கலாம். கியூபாவின் இறக்குமதி 1989இல் சுமார் 810 கோடி டாலர், 1992இல் சுமார் 220 கோடி டாலர். எண்ணெய் வரத்து பாதிக்கும் கீழே போனது. உள்நாட்டு உற்பத்தி நான்கு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. மின்வெட்டு அன்றாட வழக்கம் ஆனது. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான சைக்கிள்கள் வந்தன. டிராக்டர்களை ஓரம்கட்டி உழவு மாடுகளைப் பழக்கினார்கள். 1992–93இல் சத்துக்குறைவோடு சேர்ந்த நரம்பு நோய் ஒன்று 50,000 பேருக்கு மேல் தாக்கியது, அவர்களில் பலருக்குக் கண்பார்வை பாதிக்கப்பட்டது. சியன்ஃபூகோஸ் அருகே ஹுராகுவாவில் சோவியத் உதவியோடு கட்டிய அணுமின் நிலையம் 1992 செப்டம்பரில் பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். இந்தியாவில் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் தலைமையில் மார்க்சிஸ்ட் கட்சி கோதுமையும் சோப்பும் திரட்டிக் கப்பலில் கியூபாவுக்கு அனுப்பியது இந்தக் காலத்தில்தான்.

சர்க்கரைக்கு என்ன ஆனது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. 1970களிலும் 80களிலும் சோவியத் உதவியோடு கரும்பு வெட்டு இயந்திரமயம் ஆனது. ஹோல்கினில் கேடிபி அறுவடை இயந்திரத் தொழிற்சாலை 1977இல் திறக்கப்பட்டது. 1990 வாக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கரும்பை இயந்திரமே வெட்டியது. முதுகொடிய வெட்டும் வேலையிலிருந்து மனிதர்களை விடுவித்தது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் அந்த இயந்திரத்துக்கு டீசல் சோவியத்துடையது, உதிரிபாகம் சோவியத்துடையது, உரமும் அங்கிருந்துதான். சர்க்கரை அனுப்பி எண்ணெய் வாங்கி, அந்த எண்ணெயில் ஒரு பகுதியை எரித்துச் சர்க்கரை எடுத்தார்கள். எண்ணெய் நின்றதும் சர்க்கரையும் நின்றது. 1990இல் 80 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 1993இல் 42 லட்சம் டன் ஆனது. 2002இல் 156 ஆலைகளில் ஏறத்தாழ பாதியை அரசே மூடியது. 2022–23 பருவத்தில் கிடைத்தது சுமார் 3.5 லட்சம் டன். உள்நாட்டுத் தேவைக்கே அது போதாது.

புரட்சிக்கு முன் வர்த்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவோடு. 1980களின் கடைசியில் சுமார் 70 சதவீதம் சோவியத்தோடு, கோமெகான் நாடுகளைச் சேர்த்தால் 85 சதவீதம். ஏற்றுமதியில் சர்க்கரையின் பங்கு அப்போதும் ஏறத்தாழ முக்கால்வாசி. இரண்டு காலத்தையும் ஒன்று என்று சொல்வது அநியாயம். சோவியத் விலையில் கிடைத்த வருமானம் பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் ஆனது. கரும்பு நிலம் அமெரிக்கக் கம்பெனிகளுடையதாக இல்லை. சிசு மரண விகிதத்தில் கியூபா பணக்கார நாடுகளோடு நின்றது. அந்த முப்பது ஆண்டுகளில் தீவு செய்ததை லத்தீன் அமெரிக்காவில் வேறு எந்த ஏழை நாடும் செய்யவில்லை. ஆனால் ஒரே பயிர், ஒரே வாடிக்கையாளர் என்ற அமைப்பு மட்டும் அப்படியே இருந்தது. நல்ல விலை கிடைத்ததால்தான் அது அப்படியே இருந்தது என்பது என் வாதம். 1963இல் கரும்பை விட்டு விலக முயன்று தோற்றவர்களுக்கு, மறுபடி முயன்று பார்க்க வேண்டிய நெருக்கடியே 1990 வரை வரவில்லை. வந்தபோது கையில் எண்ணெயும் இல்லை, டாலரும் இல்லை, அவகாசமும் இல்லை.

பாக்கி

கடன் என்ன ஆனது? ரஷ்யா சோவியத் கடன்களின் வாரிசாக வந்து நின்றது. பழைய ரூபிளை இன்றைய டாலரில் எப்படி மதிப்பிடுவது என்றே இருபது ஆண்டு இழுபறி. கடைசியில் சுமார் 3,500 கோடி டாலர் என்று பேசி முடித்து, 2014 ஜூலையில் அதில் 90 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். மீதி 350 கோடி டாலரைப் பத்தாண்டுகளில், அரையாண்டுத் தவணைகளில் கட்ட வேண்டும், அந்தப் பணமும் கியூபாவிலேயே முதலீடாகும் என்று ஏற்பாடு. லூர்தெஸ் நிலையத்தை ரஷ்யா 2001இலேயே மூடுவதாக அறிவித்துவிட்டது. அதற்கான வாடகை மட்டும் ஆண்டுக்கு 20 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது.

எண்ணெய்க்கு வேறு வழி பிறந்தது. 2000 அக்டோபரில் ஜனாதிபதி ஹியூகோ சாவெஸின் வெனிசுவேலாவோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 53,000 பீப்பாய், பிற்பாடு அது ஏறத்தாழ இரு மடங்கானது. பதிலுக்கு இந்த முறை போனது சர்க்கரை அல்ல, கியூப மருத்துவர்கள். சியன்ஃபூகோஸில் சோவியத் காலத்தில் கட்டி, மூடிக் கிடந்த சுத்திகரிப்பு ஆலையை 2007இல் வெனிசுவேலா பணத்தில் திறந்தார்கள். வெனிசுவேலாவின் சொந்த உற்பத்தி சரியத் தொடங்கியதும் ஹவானாவில் மின்வெட்டு திரும்பியது.

ரஷ்யாவும் புதிதாகக் கடன் கொடுக்கத் தொடங்கியது. 2006 முதல் 2019 வரை கொடுத்த சுமார் 230 கோடி டாலருக்கான தவணையைக் கியூபாவால் கட்ட முடியவில்லை. 2022 பிப்ரவரியில், உக்ரைன் போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, அதை 2027 வரை ஒத்திவைக்க ரஷ்ய நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது.